அடிமூட்டைக் குரல்

காலடிப்பேட்டை கடைத்தெருவில் ஒரு மூட்டைப் பருப்பு நல்லதா சொத்தையா என்று இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு வந்துவிட்டால் அவர்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், ஆவுடையம்மாளிடம் போவார்கள். அவளும் லேசில் வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்லிவிட மாட்டாள். மற்ற விஷயங்களுக்கெல்லாம் ஓயாமல் பேசுகிற வாய் அது. இதற்கு மட்டும் மூடிக்கொள்ளும். இடுப்பில் செருகியிருக்கும் குத்தூசியை உருவுவாள். பிளந்த குழாய் மாதிரி உட்குழிந்த இரும்பு ஊசி. அதை மூட்டையின் வாய்ப்பக்கம் அவள் குத்தியதே இல்லை. மேலே இருப்பது ஊருக்குக் காட்டுவதற்காக வைத்த சரக்கு என்பது அவள் கட்சி. மூட்டையைப் புரட்டிப் போடச் சொல்லி அடியில் குத்துவாள். ஊசியோடு வந்த பருப்பில் ஒன்றைக் கடைவாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடிப்பாள். ஈரப் பருப்பு நசுங்கும். காய்ந்த பருப்பு 'டக்'கென்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்தால் "சரக்கு சுத்தம்" என்பாள். வராவிட்டால் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சுத்தம் என்று சொன்ன அதே மூச்சில், "ராசையா, கயிறு!" என்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து "இந்தா வந்துட்டேம்மா" என்று பதில் வரும். மகன் ராசையா சணல் கயிற்றோடு வந்து நிற்பான். அவள் தன் கையாலேயே மூட்டை வாயைக் கட்டி முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சு விழுந்த பிறகு சரக்கைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. அவளே பேசக் கூடாது. கடைத்தெருவில் அது எழுதாத சட்டம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து புருஷனோடு வந்து இந்த மண்டியைப் போட்டவள். புருஷன் போன பிறகு தனியாளாகவே நடத்துகிறாள். இத்தனை வருஷத்தில் பட்டணத்துத் தண்ணீர் அவள் உடம்பில் ஒட்டியது, பட்டணத்துப் பேச்சு ஒட்டவில்லை. விடிந்தால் பேச ஆரம்பிப்பாள். பார வண்டிக்காரனிடம், தரகனிடம், எலியிடம், ரயில்வேக்காரனிடம். ரயில்வேக்காரன் எதிரில் இல்லாவிட்டாலும் பேசுவாள். இப்படி ஒரு தாய்க்குப் பிறந்த ராசையா ஒரு நாளைக்குச் சொல்வது இரண்டே வாக்கியம். ஒன்று, "சரிம்மா." இன்னொன்று, கயிற்று விஷயமாக மேலே சொன்னது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே மூன்றாவது வாக்கியம் ஒன்றைச் சொன்னான்.

"அம்மா, நான் ரேடியோவுல பேசப் போறேன்."

ஆவுடையம்மாள் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. விஷயம் அதைவிட மோசம். ராயபுரத்தில் வானொலிப் பேச்சுக்கும் பத்திரிகை நிருபர் வேலைக்கும் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறதாம். அதில் சேர வேண்டுமாம்.

"ரேடியோவுல பேசவா? நீயா? ஏல, கடைக்கு வந்தவன் பருப்பு இருக்கான்னு கேட்டா தலைய ஆட்டுத பய நீ. ரேடியோவுல தலைய ஆட்டுனா எவனுக்குல தெரியும்?"

"சரிம்மா" என்றான் ராசையா. ஆனால் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. சோற்றையும் தொடவில்லை. பேசத் தெரியாதவர்களின் பிடிவாதம் பொல்லாதது. அதை எதிர்த்து வாதாட முடியாது. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள்.

"சரி, வெள்ளிக்கிழமை நானே வந்து அந்தப் பள்ளிக்கூடத்தப் பாக்கேன். சுத்தமான சரக்குன்னா போ, தடுக்க மாட்டேன். சொத்தைன்னா அன்னையோட இந்தப் பேச்ச விட்டுட்டு மண்டியில இருக்கணும். சம்மதமா?"

"சரிம்மா."

சொன்ன கையோடு, பள்ளிக்கூடம் சொத்தையாக இருக்க வேண்டும் என்று தெருவில் இருந்த எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டாள். அது நல்லதாக இருந்துவிட்டால் இருக்கிற ஒரே பிள்ளையும் போய்விடுவான். மண்டியில் அவளும் எலியும்தான் மிச்சம். ஆனால் நல்ல மூட்டையைச் சொத்தை என்று அவள் இதுவரை சொன்னதில்லை. பிள்ளைக்காக அந்த நாக்கைப் புரட்டிக்கொள்ளவும் அவளால் ஆகாது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி பள்ளிக்கூடக்காரன் அசல் மோசடிக்காரனாக இருந்து தொலைத்தால் நிம்மதி.

வெள்ளிக்கிழமை என்று சொன்னவள் புதன்கிழமையே கிளம்பினாள். சரக்குப் பார்க்கப் போகிறவள் நாள் குறித்துவிட்டுப் போவாளா? ராசையா அன்று காலையிலேயே ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்குப் போயிருந்தான், உளுந்து வேகன் வந்துவிட்டதா என்று பார்க்க. ஆறேழு மாதமாகவே அந்த உளுந்து வேகன்கள் ஒழுங்காக வருவதில்லை. அவனும் அடிக்கடி போய்க் காத்துக் கிடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தான். ரயில்வேயை வெள்ளைக்காரனே வைத்திருந்திருக்கலாம் என்று அவள் சொல்லாத ஆள் இல்லை.

துணைக்குப் பக்கத்துக் கோணிக் கடை ஹுமாயூன் பாயைக் கூப்பிட்டாள். காலி மூட்டைகளை வாங்கி விற்கிறவர், நல்ல மனுஷர். ராயபுரம் என்றதும் பாயின் முகம் ஏனோ வெளுத்தது.

"இன்னிக்கா? இன்னாத்துக்குக்கா இவ்ளோ அவசரம்? வெள்ளிக்கிழமன்னுதானே சொல்லிகினு இருந்தே?"

"நாள் சொல்லிட்டுப் போனா மூட்டைய மாத்தி வச்சிருவான் பாய். நீரு வண்டியப் புடியும்."

ஜட்காவில் போகும்போது பாய் மூன்று தடவை வயிற்றுவலி என்றார். அவள் மூன்று தடவையும் ஓமம் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கப்பல் சங்கிலி விற்கிற கடை ஒன்றின் மாடியில் இருந்தது. 'அகில பாரத வானொலி, பத்திரிகை, ஒலிபெருக்கிப் பேச்சுப் பயிற்சிக் கழகம்' என்று போர்டு. அறையின் நீளத்தைவிடப் போர்டின் நீளம் அதிகம். கடைசி இரண்டு எழுத்துகள் சுவர் முடிந்து பக்கத்துக் கட்டடத்தில் தொங்கின. கீழே சங்கிலி இழுக்கும்போதெல்லாம் மாடி அதிர்ந்தது.

முதல்வர் பெயர் வெள்ளத்துரை. வெள்ளைக் கோட்டு, தூக்கி வாரிய முடி. சாதாரணமாக உட்காருங்கள் என்று சொல்வதையே அவர் ஏதோ தலைவர் இறந்துவிட்ட செய்தி மாதிரி கம்பீரமாகச் சொன்னார்.

"வாருங்கள் அம்மையீர். அமருங்கள். தங்கள் வருகையால் கழகம் பெருமை அடைகிறது."

"பருப்பு மண்டி வச்சிருக்கேன். எம் மவனச் சேக்கலாமான்னு பாக்க வந்தேன்" என்றாள் ஆவுடையம்மாள். பேரைச் சொல்லவில்லை. "நீரு ரேடியோவுல பேசியிருக்கீரா?"

"வானொலி நாடகம் ஒன்றில் முக்கியமான பங்கு வகித்திருக்கிறேன்."

"என்ன வேசம்?"

வெள்ளத்துரை கொஞ்சம் தயங்கினார். "இடி" என்றார்.

தகரத்தை ஆட்டி இடிச் சத்தம் கொடுத்திருக்கிறார். ஆவுடையம்மாளுக்கு மனசு லேசாயிற்று. நாம் வேண்டிக்கொண்ட சாமி கைவிடவில்லை. அடுத்ததாக, இங்கே படித்துவிட்டுப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒருவன் டூரிங் டாக்கீஸில் அடுத்த படம் என்ன என்று ஒலிபெருக்கியில் சொல்கிறானாம். ஒருவன் கொடுங்கையூரில் என்ன நடந்தாலும் பத்திரிகைக்கு எழுதிப் போடுகிறானாம். கொடுங்கையூரில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லையாம். மூன்றாவது ஆள் மோட்டார் வண்டியில் மைக் கட்டி ஊர் ஊராகப் பல்பொடி விற்கிறான்.

"வியாபாரம் எப்படி?"

"அமோகம் அம்மையீர். பல்லே இல்லாதவர்களும் வாங்குகிறார்கள்."

இது அவளைக் கொஞ்சம் கலக்கியது. பல்லில்லாதவனிடம் பல்பொடி விற்பது சாமானிய வித்தை இல்லை.

பிறகு பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார். சுற்ற ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் திரும்பினால் போதும். இந்தப் பக்கம் வகுப்பு, ஐந்தாறு பெஞ்சு, சுவரில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். அந்தப் பக்கம் ஒரு தடுப்பு. அதற்குள்ளேதான் ஒலிப்பதிவுக் கூடமாம். உலகச் சண்டை முடிந்து மிலிட்டரிக்காரன் ஏலம் விட்டதில் எடுத்த மைக் உள்ளே இருக்கிறது. அதில் பேசினால் வெளியே குழாயில் வரும். வெளிச்சத்தம் உள்ளே போகாமல் இருக்கத் தடுப்பு முழுவதும் கோணிப் பை தைத்திருந்தார்கள்.

ஆவுடையம்மாள் கோணியைத் தடவிப் பார்த்தாள். வட்டத்துக்குள் 'ஆ' என்று சிவப்பு மையில் முத்திரை. அவள் மண்டியின் முத்திரை.

"பாய், இது நம்ம கோணில்லா?"

"கோணி விக்கிறவன்கிட்ட வந்து கோணி எங்க போவுதுன்னு கேட்டா? காத்துல பறந்துகினு போவும்க்கா" என்று ஹுமாயூன் மேற்கூரையைப் பார்த்துச் சொன்னார். மேற்கூரையில் ஒன்றும் இல்லை.

வெள்ளத்துரை கையைத் தட்டினார். "எங்கள் பயிற்சியின் தரத்தைத் தாங்களே கேளுங்கள். செல்வி ரோஸ்மேரி, வாருங்கள்." வெள்ளைக் கவுன் போட்ட பெண் ஒருத்தி தடுப்புக்குள் போனாள். குழாயில் செய்தி வந்தது. தேன் மாதிரி குரல். சங்கிலிக் கடைக்காரர்களே சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். முதல்வர் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

ஆவுடையம்மாள் கண்ணைக்கூட மூடவில்லை.

"இது மூட்டைக்கு மேல வச்ச சரக்கு. இந்தப் புள்ள இங்க வரதுக்கு முன்னாலயே இப்படித்தான் பேசியிருக்கும். வீட்டுல கேட்டா தெரியும். நீரு அடிமூட்டைய எடும்."

"அம்மையீர் சொல்வது விளங்கவில்லை."

"உம்ம கிட்டப் படிக்குதவங்கள்லயே ஆக மட்டமான ஆளு எவன்? அவனப் பேசச் சொல்லும்." வழக்கப்படி இடுப்பிலிருந்து குத்தூசியை உருவினாள். இரும்பு முனை முதல்வரின் வெள்ளைக் கோட்டுக்கு நேராக நின்றது.

வெள்ளத்துரையின் செந்தமிழ் பஞ்சாகப் பறந்தது. "இன்னாம்மா நீ! ஊசிய உள்ள வை! மட்டமான ஆளு யாருமே கெடையாதும்மா இங்க!"

"கெடையாதுன்னா எல்லாருமே மட்டமா?"

அவர் ஹுமாயூனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஹுமாயூன் அவரைவிடப் பரிதாபமாகப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதல்வர் தடுப்பின் பக்கம் திரும்பி, "தம்பி ராஜன்" என்று கூப்பிட்டார். "உள்ளேதான் இருக்கிறான் அம்மையீர். மைக்கைத் துடைப்பதற்காக. சேர்ந்து ஆறேழு மாதமாகிறது. இதுவரை அதைத் துடைத்திருக்கிறானே தவிர, அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பி! நேர்முக வருணனை! எதையாவது சொல்லப்பா, இந்த அம்மாள் பருப்பு வியாபாரம் செய்கிறவர்கள், பார்த்துச் சொல்!"

குழாய் கரகரத்தது. அப்புறம் ஒன்றுமில்லை. யாரோ எச்சில் விழுங்குவது மாடி முழுக்கக் கேட்டது. ஆவுடையம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. ஊமை அறிவிப்பாளன்! இதைவிடச் சொத்தை உலகத்தில் கிடைக்குமா? துப்பிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது குரல் வந்தது.

"நேயர்களே, வணக்கம். உங்களை ஒரு பருப்பு மண்டிக்கு அழைத்துப் போகிறேன். உள்ளே வெயில் இல்லை. ஓட்டு இடுக்கு வழியாக ஒரே ஒரு கீற்று விழுகிறது. அதில் உளுந்துத் தூசி மிதக்கிறது. மூட்டைக்கு இந்தப் பக்கம் விற்க வந்தவர். சட்டை நனைந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு அம்மா..."

கெட்டிக்காரப் பயல், வந்தவள் பருப்புக்காரி என்று காதில் வாங்கிக்கொண்டானே என்று நினைத்தாள். ஆழமான குரல். அவசரமில்லாத குரல்.

"விற்பவர் மூட்டை வாயைத் திறந்து காட்டுகிறார். அம்மா பார்க்கவில்லை. புரட்டச் சொல்கிறார். விற்பவர் முகம் மாறுகிறது நேயர்களே! ஊசி உள்ளே போகிறது. வெளியே வருகிறது. ஒரே ஒரு பருப்பு. வாயில் போடுகிறார். கண்ணை மூடுகிறார். பார வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். தெருவில் ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் அவர் வாயைப் பார்க்கிறார்கள். ஆனால் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. சரக்கு நல்லது என்று தெரிந்துவிட்டால் முதலில் அசைவது அவருடைய இடது கால் பெருவிரல். அது அவருக்கே தெரியாது..."

ஆவுடையம்மாள் கீழே பார்த்தாள். இடது கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

குரல் நின்றது. கீழே சங்கிலிகூடச் சத்தம் போடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கடைவாய் தானாக இறுகியது.

"டக்!" என்றது குழாய்.

"சரக்கு சுத்தம்!" என்றாள் ஆவுடையம்மாள். சொன்ன அதே மூச்சில், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து, "ராசையா, கயிறு!"

"இந்தா வந்துட்டேம்மா!" என்றது குழாய்.

கோணித் தடுப்பு விலகியது. மைக் துடைக்கிற துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, கழகத்தில் ராஜனாகிவிட்ட, ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் இருக்க வேண்டிய ராசையா வெளியே வந்து நின்றான். கயிறு இல்லை. பழக்க தோஷம், துணியை நீட்டினான்.

"அப்ப உளுந்து வேகன்?" என்றாள் அவள்.

"அது வர வேண்டிய நாள்ல ஒழுங்கா வந்துட்டுத்தாம்மா இருக்கு."

"அடப்பாவி, அந்த ரயில்வேக்காரன எத்தன பேச்சுப் பேசிட்டேன்!" அவள் ஹுமாயூன் பக்கம் திரும்பினாள். "உமக்கும் தெரியுமா?"

"சேரும்போதே கேட்டான்க்கா, வாத்தியாருக்குப் பீஸாக் குடுக்க வேற ஒண்ணும் இல்லன்னு. பழைய கோணிதானே, எடுத்துக்கடா நைனான்னேன். உன்னாண்ட சொன்னா பேஜாராப் பூடும்னு பயந்துகினு இருந்தேன்."

ஆவுடையம்மாள் மகனையே பார்த்தாள். ஏமாற்றிவிட்டானே என்ற கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளைக் குத்தியது அது இல்லை. பெற்ற பிள்ளையின் குரலை அவ்வளவு நேரம் கேட்டும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இருளில் ஒரு மூட்டையைத் தொட்டே குண்டூர்த் துவரையா வடநாட்டுத் துவரையா என்று சொல்லிவிடுகிறவள். சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் அவன் பேசி அவள் கேட்டதே இல்லை, பிறகு எப்படித் தெரியும்?

"ஏல, இத்தன பேச்ச எங்கல வச்சிருந்த? வீட்டுல ஒரு நாள் பேசியிருக்கலாம்லா?"

ராசையா துணியை முறுக்கினான். "நீங்க மூச்சு விடும்போது பேசலாம்னு பாப்பேம்மா. அதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிருவீங்க."

ரோஸ்மேரி சிரிப்பை அடக்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹுமாயூனுக்கு அடக்கத் தெரியவில்லை.

பேச வாயெடுத்த ஆவுடையம்மாள் மூடிக்கொண்டாள். கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. வெள்ளத்துரை அகப்பட்டார்.

"இவனையா வே ஆக மட்டம்னீரு? எம் மவனையா?"

"அம்மையீர், இன்று வரைக்கும் அவன் வாயே திறந்ததில்லை!"

"வாயத் தொறக்க வைக்கத்தானே நீரு பள்ளிக்கூடம் வச்சிருக்கீரு? ஆறேழு மாசமா மைக்கைத் தொடைக்க விட்டிருக்கீரு! இந்தப் பேச்சு உம்ம சரக்கா? எம் மண்டிச் சரக்கு! எங் காலு வெரலு! உம்ம பள்ளிக்கூடத்துல இருக்கது வெறும் கோணி. அதுவும் எங் கோணி!"

"கோணிய மட்டமாப் பேசாதக்கா" என்று ஹுமாயூன் குறுக்கே வந்தார். அவருக்கு அது குலத்தொழில் விஷயம். "பருப்ப ருசியாக்கறது கோணி வேல இல்ல. ஆனா கோணி இல்லாங்காட்டி உன் பருப்பு மண்டிய வுட்டு எங்க போவும்? சும்மா ஷோக்கா பேசிகினு கீறான் புள்ள, அத்தப் பாரு."

பள்ளிக்கூடம் சொத்தை என்று சொல்லிவிட ஆயிரம் காரணம் இருந்தது. இடி வேஷம் ஒன்றே போதும். ஆனால் குத்தியாயிற்று, கேட்டாயிற்று, சுத்தம் என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று. கயிறும் கேட்டாயிற்று.

ராசையாவின் கையிலிருந்த துணியை வாங்கினாள். பிரிந்து கிடந்த கோணித் தடுப்பின் ஓரத்தை இழுத்து, அந்தத் துணியாலேயே தூணோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டாள். ஹுமாயூன் பெருமூச்சு விட்டார். முதல்வருக்கு ஒன்றும் புரியவில்லை. ராசையாவுக்குப் புரிந்தது, அவன் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கும் வா" என்றாள். "ஆனா மைக்கை அவரு தொடைக்கட்டும்."

மறுநாள் மண்டியில் ஒரு துவரை மூட்டை தீர்ப்புக்கு வந்தது. புரட்டினாள், குத்தினாள், கடித்தாள். "சரக்கு சுத்தம். ராசையா, கயிறு!"

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காது கொஞ்ச நேரம் காத்திருந்தது. விற்க வந்தவர் தலையைச் சொறிந்தார்.

பக்கத்துக் கடையிலிருந்து, "இந்தா வந்துட்டேம்மா!" என்று ஹுமாயூன் ராசையாவைப் போலக் குரல் கொடுத்துக்கொண்டு சணல் கயிற்றோடு ஓடி வந்தார்.

"மட்டம் பாய், ரொம்ப மட்டம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உளுந்துத் தூசி என்றாள். அன்று மண்டியில் உளுந்து இல்லை.

சாயங்காலம் ராசையா வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ம். சொல்லுல. இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாரு?"

அவன் தயங்கி ஆரம்பித்தான். நாலாவது வாக்கியத்திலேயே அவளுக்குக் குறுக்கே சொல்ல ஒன்று வந்துவிட்டது. அதற்கடுத்து இன்னொன்று. நாக்கு துடித்தது. வாய்க்கு ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்று, மடியில் ஒட்டியிருந்த துவரம் பருப்பு ஒன்றை எடுத்துக் கடைவாயில் போட்டுக்கொண்டாள்.

கடிக்கவில்லை. கடித்தால் சத்தம் வரும். அவன் பேசிக்கொண்டிருந்தான்.